சப்ரகமுவ மலைகளில் உணரிகள்: மௌனத்தைப் பாதுகாப்பு என்று கொள்ளலாமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டை ஊடறுத்துச் சென்றபோது அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் பலியாகின. அவற்றில் பெரும்பகுதி கடற்கரையில் அன்றி, கடலிலிருந்து வெகுதூரத்தில் உள்ள மலைப் பிரதேசங்களிலேயே பறிபோயின. கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மாவட்டங்களுடன் கேகாலை மாவட்டமும் அந்தத் துயரப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பின்னர் எழுந்த விவாதங்கள் வானிலை முன்னறிவிப்பு, ராடர், நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் என்று பெரிய விடயங்களைச் சுற்றியே நடந்தன. அவை அவசியமானவையே. ஆயினும், அந்தப் பெரிய விடயங்கள் யாவும் கடைசியில் தங்கி நிற்கின்ற மிகச் சிறிய பொருளொன்றைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. விரல் நகத்தின் அளவுகூட இல்லாத இடைமுகச் சில்லுகளே அவை. மழைமானிக்கும் கணினிக்கும் இடையில், மலையின் வெடிப்பில் பொருத்திய கம்பிக்கும் கொழும்பிலுள்ள திரைக்கும் இடையில் நின்று, ஒன்றின் பாஷையை மற்றொன்றுக்குப் புரியவைப்பவை இவைதாம்.

இது பொறியியலாளர்களின் விடயம், நமக்கென்ன என்று வாசகர்கள் கருதக்கூடும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் வாழ்வோரைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது. லயத்துக்கு மேலே உள்ள மலை இன்றிரவு நிற்குமா, நிற்காதா என்ற கேள்விக்கான விடை இந்தச் சில்லுகளின் வழியாகவே வந்துசேர வேண்டியிருக்கின்றது. வந்துசேராத இரவுகளும் இருந்திருக்கின்றன.

தோட்டத்து மக்கள் இத்தகைய சில்லொன்றை ஏற்கனவே அறிவார்கள், அதன் பெயரை அறியாதிருந்தாலும். இன்று பல தோட்டங்களில் கொழுந்து மடுவத்தில் இருப்பது பழைய கொக்கித் தராசு அல்ல, இலத்திரனியல் தராசு. அதனுள்ளே ஓர் உலோகத் துண்டு இருக்கின்றது. கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டதும் அத்துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகின்றது. அதன்மீது ஒட்டப்பட்டுள்ள மெல்லிய தகட்டின் மின்தடை அந்த வளைவுக்கு ஏற்ப மாறுகின்றது. அதனால் எழுகின்ற மின்னழுத்தம் ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்கு மாத்திரமே. இந்த முணுமுணுப்பைப் பெருக்கி, இலக்கமாக மாற்றி, திரையில் காட்டுவதே இடைமுகச் சில்லின் வேலை. கொழும்பு புறக்கோட்டையின் இலத்திரனியல் கடைகளில் இத்தகைய சில்லு பொருத்திய சிறு பலகையை ஒரு கொத்து ரொட்டியின் விலையை விடக் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

சாக்கின் நிறை, ஈரத்தின் நிறை என்று கழிக்கப்படும் கிலோக்கள் பற்றித் தோட்டங்களில் எழும் பிணக்கு மிகப் பழையது. அது தராசு மாறியதால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. மடுவத்துத் தராசின் இலக்கத்தைத் தொழிலாளி தன் கண்ணாலேயே காண்கிறார். சந்தேகம் இருந்தால் மறுபடியும் நிறுக்கச் சொல்கிறார், சண்டையும் பிடிக்கிறார். மலை பற்றிய இலக்கமோ அவ்வாறு அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. கொழுந்தின் நிறையைக் கிராம் கணக்கில் அறிந்துகொள்வதற்குச் சில்லைத் தேடிக்கொண்ட பெருந்தோட்டத்துறை, அதே தத்துவத்தில் இயங்கும் உணரியை லயத்துக்கு மேலுள்ள சரிவில் பொருத்துவதில் அந்த வேகத்தைக் காட்டவில்லை. தத்துவம் ஒன்றே என்பது மிகைப்பட்ட கூற்றல்ல. ஜப்பானில் மண்சரிவு ஆய்வுக்காக நிலத்துள் இறக்கப்படும் விகாரமானிக் குழாய்களில் ஒட்டப்பட்டிருப்பதும் இதே வகைத் தகடுதான்.

சப்ரகமுவவின் அனுபவத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நிலைகுலைந்தது. அந்த அனர்த்தத்தில் தென்மேற்குப் பகுதியெங்கும் இருநூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். அன்று அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்ற ஒன்றே இருக்கவில்லை. சுனாமியின் பின்னர் கொண்டுவரப்பட்ட 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் அது தோன்றியது. 2016 மே 17 மாலை கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை விழுங்கியது. அதே நாட்களில், அதே மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பின் மீது மண் சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரநாயக்கவின் பேரிழப்புக்கு முன்னால் களுபஹன பத்திரிகைகளின் உட்பக்கத்துக்குச் சென்றுவிட்டது. மறு ஆண்டு 2017 மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி மாவட்டங்களில் மீண்டும் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின.

இந்த அனர்த்தங்களிலிருந்து எதுவும் கற்கப்படவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 1984இல் தோற்றுவிக்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வருகின்றது. ஜப்பானிய உதவியுடனும் பிற உதவிகளுடனும் மலைநாட்டு மாவட்டங்களில் தானியங்கி மழைமானிகளை நிறுவியிருக்கின்றது. அந்நிறுவனம் வகுத்துள்ள அளவுகோலும் தெளிவானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் அபாயத்துக்குத் தயார்நிலை. 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், வெளியேற வேண்டும். ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் எழுதிவைக்கப்பட வேண்டிய இலக்கங்கள் இவை.

இந்த இலக்கங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதைப் பார்த்தால்தான் பிரச்சினை விளங்கும். தானியங்கி மழைமானிகளில் பரவலாகப் பயன்படுவது கவிழும் வாளி வகையாகும். இந்த எண்ணம் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டில் இலண்டனின் புனித பவுல் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென்னுக்கே உதித்தது. புனலின் கீழே ஏற்றப்பலகை போன்று இரு சிறு வாளிகள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் கவிழும். மற்றது மேலே வரும். ஒரு கவிழ்வு என்பது பொதுவாக 0.2 மில்லிமீற்றர் மழை. கவிழும்போது ஒரு சிறு காந்தம் ஓர் ஆளியைக் கடந்து செல்ல, அந்த ஆளி ஒரு கணம் மூடித் திறக்கும். இடைமுகச் சில்லு அதனை எண்ணும். அதாவது, வெளியேறுங்கள் என்ற அந்த 150 மில்லிமீற்றர், 750 தடவை மூடித் திறந்த ஓர் ஆளியின் கதையே தவிர வேறல்ல.

அந்த ஆளி மூடும்போது அதன் நாக்கு ஒரு தடவையுடன் நின்றுவிடுவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்துள் பல தடவை துள்ளும். அதைச் சீராக்கும் சுற்று இல்லையெனில் ஒரு கவிழ்வு மூன்றாகவோ நான்காகவோ எண்ணப்படும். பொய் எச்சரிக்கைகள் பிறக்கும். இரண்டு தடவை பொய்யாக ஒலித்த சங்கை மூன்றாம் தடவை எவரும் நம்பப்போவதில்லை. மறுபுறம், சப்ரகமுவவின் ஈரத்தில் செம்புத் தொடுகைகள் பச்சை பூத்துப் போனால் ஆளி மூடினாலும் எண்ணிக்கை ஏறாது. புனலின் வாயை இறப்பர் இலை அடைத்துக்கொண்டாலும் அவ்வாறே. மழை மிகக் கடுமையாகக் கொட்டும் வேளையில் வாளி கவிழும் கண நேரத்துக்குள் விழும் நீர் கணக்கில் சேராது போவதால், நமக்கு எப்போது துல்லியம் மிகவும் தேவையோ அப்போதே இக்கருவி குறைத்துக் காட்டுகின்றது. இவற்றுக்கெல்லாம் பொறியியலில் பரிகாரங்கள் உண்டு. அவற்றைப் பராமரிக்கும் கை தேவை, அவ்வளவே.

இவற்றில் மிகப் பயங்கரமானது பொய் எச்சரிக்கை அன்று, மௌனமே. பழுதடைந்த மழைமானி பூச்சியம் என்று காட்டும். மழையற்ற நாளின் நல்ல மழைமானியும் பூச்சியம் என்றுதான் காட்டும். கொழும்பில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

கைத்தொழில் உலகம் இந்த ஆபத்தை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தது. இரசாயன ஆலைகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் உணரிகள் 4 முதல் 20 மில்லி அம்பியர் வரையான மின்னோட்டத்தின் மூலம் பேசுகின்றன. ஏன் பூச்சியத்திலிருந்து தொடங்கவில்லை? அளவு பூச்சியமாக இருந்தாலும் கம்பியில் 4 மில்லி அம்பியர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கம்பியில் ஒன்றுமே ஓடவில்லை என்றால், அளவு இல்லை என்பது அதன் பொருளன்று. கம்பி அறுந்துவிட்டது அல்லது கருவி செத்துவிட்டது என்பதே பொருள். ‘சொல்வதற்கு ஒன்றுமில்லை’ என்பதையும் ‘சொல்வதற்கு ஆள் இல்லை’ என்பதையும் வேறுபடுத்திக் காட்டுகின்ற மிக எளிய உபாயம் இது. நிலத்தடி நீரின் அமுக்கத்தை அளக்கும் உணரிகளில் பல இம்முறையிலேயே இயங்குகின்றன. நமது எச்சரிக்கை நிர்வாகம் முழுவதற்கும் இந்த 4 மில்லி அம்பியர் தேவைப்படுகின்றது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

பெட்டிமுடியை நினைத்துப் பார்க்கலாம். கேரளத்தின் மூணாறுப் பகுதியில் அன்தோனியார் காலனி என்ற இடத்தில், அமிர்தா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2000களின் இறுதியிலிருந்தே கம்பியில்லா உணரி வலையமைப்பொன்றை நிலத்துள் பதித்து மண்சரிவைக் கண்காணித்து வந்திருக்கின்றனர். உலகளவில் பேசப்பட்ட முயற்சி அது. ஆனால் 2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே மூணாறு மலைத்தொடரின் பெட்டிமுடியில் தோட்ட லயங்கள் மீது மலை சரிந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். தொலைத்தொடர்பு செயலிழந்திருந்ததால் மறுநாள் காலையிலேயே வெளியுலகம் செய்தியை அறிந்தது. ஒரு முழு இரவு பெட்டிமுடி மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தை எவரும் அபாயம் என்று எண்ணவில்லை.

இதற்கு நேர் எதிரான பாடம் வயநாட்டில் கிடைக்கின்றது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் புதையுண்டதற்கு முன்னர், கல்பெற்றாவின் ஹியூம் சூழலியல் நிலையம் மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. அந்த நிலையத்தின் வலையமைப்பில் விலையுயர்ந்த சில்லுகள் எவையும் இல்லை. தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் சாதாரண மழைமானிகளை வைத்து ஊரவர்கள் தினமும் அளவை எழுதி அனுப்பிவந்தனர். 48 மணித்தியாலத்தில் 572 மில்லிமீற்றர் என்ற பயங்கர இலக்கத்தை அவர்கள்தான் கண்டனர். மலையிலிருந்து நிலையத்துக்கான இணைப்பு சரியாகவே வேலை செய்தது. நிர்வாகத்திலிருந்து மலையடிவாரத்து வீடுகளுக்கான இணைப்பே அறுந்து கிடந்தது. நூற்றுக்கணக்கானோர் உறக்கத்தில் மாண்டனர்.

நமது தோட்டங்களிலும் மழை அளக்கும் மரபு புதியதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே தோட்டக் காரியாலயத்தில் மழைமானி உண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு மழைவீழ்ச்சி விபரம் அனுப்பும் நிலையங்களில் பல தோட்டங்களிலேயே அமைந்திருக்கின்றன. ஆனால் அந்த அளவு காலை 8.30 மணிக்கு ஒருமுறை எடுக்கப்படுவது. அது தேயிலையின் விளைச்சலைக் கணிக்கப் போதுமானது. இரவு 11 மணிக்கு ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், அது காலையில் பதிவேட்டில் ஏறும். அப்போது பதிவேடு இருக்கலாம், லயம் இருக்க வேண்டுமென்பதில்லை.

தானியங்கிக் கருவி அந்தக் குறையைத் தீர்க்கின்றது. ஆனால் அதன் பாதையைப் பாருங்கள். தெரணியகலையிலோ இறக்குவானையிலோ விழும் மழை, கைத்தொலைபேசிக் கோபுரத்தின் ஊடாகக் கொழும்புக்குச் செல்கின்றது. அங்கு ஆராயப்பட்டு எச்சரிக்கையாக மாறி, அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், தோட்ட நிர்வாகம் என்று படிப்படியாக இறங்கி, அந்த மழை விழுந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றர் தூரத்திலுள்ள லயத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கின்றது. டித்வாவின்போது மலைநாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் இல்லாதிருந்தன. கோபுரம் ஒன்று விழுந்தால் இந்த நீண்ட சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகின்றது.

சங்கிலி அறுபடாத வேளையிலும் மொழி குறுக்கே நிற்கின்றது. டித்வாவின் நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் போதியளவு வரவில்லை, வந்தவையும் தாமதமாக வந்தன என்ற கண்டனம் பரவலாக எழுந்தமை யாவரும் அறிந்ததே. இதில் அரசியல் அலட்சியம் உண்டு. அதனுடன் ஒரு தொழில்நுட்ப விடயமும் உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் 70 தான். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ‘மண்சரிவு’ என்பது நமது கண்ணுக்கு ஐந்து எழுத்து, தொலைபேசிக்கு எட்டு. கொழும்பில் இருந்து நீண்ட வாக்கியத்தை அவசரமாக மொழிபெயர்த்து அனுப்புவதற்குப் பதிலாக, இன்ன தோட்டம், இன்ன லயம், இப்போதே வெளியேறுங்கள் என்று 70 குறிகளுக்குள் அடங்கும் தமிழ் வாசகங்களை மழைக்கு முன்னரே எழுதி வைத்துக்கொள்ளக் கூடாதா? அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்படாத காரியம் அது.

இத்தகைய முயற்சிகள் இந்நாட்டில் நடைபெறாமலும் இல்லை. டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய அனர்த்த எச்சரிக்கை வலையமைப்பு 2009இலேயே ஆரம்பிக்கப்பட்டது. அபாய ஒலி எழுப்பிச் செய்தியையும் காட்டும் சிறு கருவி ஒன்றும் அதில் இருந்தது. திறமை நம்மிடம் இருக்கின்றது. மொறட்டுவையிலோ பேராதனையிலோ படிக்கும் பொறியியல் மாணவர் ஒருவர் தனது இறுதியாண்டுச் செயற்றிட்டமாகவே நல்ல மழைமானி ஒன்றைச் செய்துவிடுவார். பாராட்டும் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் அதன் மின்கலத்தை மாற்றுவது யார் என்பதற்கு மாத்திரம் எவரிடமும் பதில் இருப்பதில்லை.

வேண்டுவது இதுதான். அபாய நிலைக்கான தீர்மானத்தின் ஒரு பகுதியாவது கொழும்புக்குப் போகாமல் தோட்டத்திலேயே எடுக்கப்பட வேண்டும். 75, 100, 150 என்ற மூன்று இலக்கங்களை ஒப்பிடுவதற்குப் பெரிய கணினி தேவையில்லை. மழைமானிக்குள் இருக்கும் சில்லே போதும். எல்லை கடந்ததும் அது லயத்தருகே உள்ள சங்கைத் தானாகவே ஒலிக்கச் செய்யலாம். மழைமானியிலிருந்து லயத்துக்குக் கம்பி இழுப்பதாயின் அதற்கும் வழி உண்டு. 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் பாகங்களை இரண்டு கம்பிகளால் இணைக்க உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி முறையே இன்று சாய்வுணரிகளிலும் ஈரப்பத உணரிகளிலும் பரவலாக உள்ளது. ஆனால் அது பெட்டிக்குள் பேசுவதற்கான மெல்லிய குரல். சில மீற்றருக்கு அப்பால் தடுமாறும். ஆர்.எஸ்.-485 என்ற முறையோ, இரு கம்பிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மாத்திரமே கவனிப்பதால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தள்ளிவிட்டு 1,200 மீற்றர் வரை பேசக்கூடியது. ஒரு தோட்டப் பிரிவின் காரியாலயத்திலிருந்து மேட்டு லயத்துக்கு அதுவே தாராளமான தூரம். இரத்தினபுரி மாவட்டத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் விழும் இடி மின்னலுக்கு நீண்ட கம்பி நல்ல தூண்டில் என்பதால் மின்னல் காப்பு இல்லாமல் இழுக்கக் கூடாது. மலிவுக்காக அந்தக் காப்பைக் கைவிட்ட கருவிகள் முதல் பருவத்தையே தாண்டுவதில்லை.

சங்கு என்றதும் அதற்கும் நிதி எங்கே என்று கேட்கப்படும். சப்ரகமுவவில் ஒலிபெருக்கி இல்லாத ஊரா இருக்கின்றது? தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உண்டு. மாவனல்லையிலும் ஹெம்மாத்தகமவிலும் பலாங்கொடையிலும் இரத்தினபுரி நகரிலும் பள்ளிவாசல்களில் உண்டு, விகாரைகளிலும் உண்டு. வெள்ளம் வரும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை எழுப்புவது நமது ஊர்களுக்குப் புதிய பழக்கமல்ல. மழைமானியின் சில்லிலிருந்து ஒரு சிறிய ஆளியின் மூலம் அந்த ஒலிபெருக்கியை இயக்கிவிட முடியும். மலையில் பெய்யும் மழையும் கீழே களு கங்கையின் கரையில் ஏறும் வெள்ளமும் ஒரே நீர்தான். மேலே தோட்டத்து லயத்தில் ஒலிக்கும் எச்சரிக்கை, சில மணித்தியாலங்களில் இரத்தினபுரிக் கடைவீதியின் மாணிக்க வியாபாரிக்கும் வேண்டிய எச்சரிக்கையாகின்றது. இவ்விடயத்தில் தோட்டத் தமிழர் வேறு, நகர்ப்புற முஸ்லிம்கள் வேறு, கிராமத்துச் சிங்களவர் வேறு என்று பிரித்து யோசிப்பதற்கு இடமில்லை.

அடுத்தது மௌனத்தைப் பற்றியது. மழை இல்லாத நாளிலும் ஒவ்வொரு கருவியும் ‘நான் உயிரோடிருக்கின்றேன்’ என்று ஒரு சமிக்ஞை தர வேண்டும். லயத்துச் சுவரில் ஒரு பச்சை விளக்கு போதும். விளக்கு அணைந்திருந்தால் கருவி செத்துவிட்டது, மழை பெய்தால் காத்திருக்காமல் வெளியேற வேண்டும் என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். பிரதேச செயலகத்துக்கும் இதே நியதி பொருந்தும். மூன்று மணித்தியாலமாகச் செய்தி வராத தோட்டம் பாதுகாப்பான தோட்டமன்று. அங்கே உடனடியாக ஆள் அனுப்பப்பட வேண்டும்.

ஆனால் அந்த ஆளை அனுப்ப வேண்டியவர் யார் என்பதில்தான் நமது நிர்வாகம் தடுக்கி விழுகின்றது. தோட்டக் காணி அரசுடையது. நிர்வாகம் 1992 முதல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுடையது. மழைமானி ஓர் ஆய்வு நிறுவனத்தினுடையது. மக்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு மற்றொரு நிலையத்தினுடையது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் சேவை செய்வதற்கு இருந்த சட்டத் தடையே 2018இல்தான் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. கருவிகளுக்கு இடையே இடைமுகம் கண்டுபிடித்தாகிவிட்டது. இந்த நான்கு தரப்புகளுக்கும் இடையே யார் யாரிடம் எப்போது பேச வேண்டும் என்பதை எழுதிவைத்த ஒரு தாள்கூடப் பல தோட்டங்களில் கிடையாது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். உணரி பொருத்திவிட்டோம், இனி மீள்குடியேற்றம் தேவையில்லை என்று எவரும் கூற அனுமதிக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. அம்மக்களை இடம்மாற்ற வேண்டுமென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கு குறைபாடு உணரியில் இருக்கவில்லை. காணியும் வீடும் கொடுக்கப்படாத மக்களிடம் ‘வெளியேறுங்கள்’ என்று சொன்னால், எங்கே என்ற கேள்வியே பதிலாக வரும். அபாய வலயத்திலுள்ள லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான காணியில் தனி வீடு என்பதே முதன்மையான தீர்வு. அது பூர்த்தியாகப் பல ஆண்டுகள் செல்லும். இடைப்பட்ட அந்த ஆண்டுகளின் இரவுகளுக்குத்தான் மழைமானியும் சில்லும் சங்கும்.

உதிரிப்பாகங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 தொடக்கம் 2022 வரை உலகமே சில்லுத் தட்டுப்பாட்டில் தவித்தது. 2022இல் நம்மிடம் எரிபொருளுக்கும் மருந்துக்கும்கூட டொலர் இருக்கவில்லை. வெளிநாட்டு உதவியில் வந்த கருவி பழுதானால் அதன் பாகத்தை அதே வெளிநாட்டிலிருந்து எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திருப்பது மலைக்கு ஒத்துவராது. எனவே புறக்கோட்டையில் கிடைக்கும் சாதாரண சில்லுகளால் செய்யக்கூடிய, உள்ளூரிலேயே திருத்தக்கூடிய கருவிகளே தெரிவு செய்யப்பட வேண்டும். தோட்டத்து இளைஞர்களில் தொழிற்பயிற்சி முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் தொலைபேசி திருத்திக்கொண்டிருப்போர் பலர் இருக்கின்றனர். நுண்ணிய பற்றாசு வேலை அவர்களுக்குக் கைவந்த கலை. பிரதேச செயலகம் தோறும் அவ்வாறான ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, தனது பிரிவின் மழைமானிகளுக்கு அவரைப் பொறுப்பாக்குவது அரச செலவினத்தில் ஒரு பொருட்டாகவே இராது.

2003, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் சப்ரகமுவ கண்ட மூன்று பெரும் மண்சரிவு அனர்த்தங்களும் மே மாதத்திலேயே, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்திலேயே நிகழ்ந்தன. புனல்களைத் துப்புரவாக்குவதும், தொடுகைகளைச் சுத்தம் செய்வதும், மின்கலங்களை மாற்றுவதும், லயத்து மக்களை அழைத்து ஒருமுறை சங்கை ஒலிக்கச் செய்து காட்டுவதும் ஒவ்வோர் ஆண்டும் பங்குனி முடிவதற்குள் நடந்தாக வேண்டிய வேலைகள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்துவிட்டால் காரியாலயங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள்.